டேங்க் ஏன் டீசலைக் கக்குகிறது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் 61 நாள். டீசல் டேங்கை மட்டும் அநேகமாக யாரும் தொடுவதில்லை. ஒழுகாதவரை அது நல்ல டேங்க். பங்கில் டீசல் பிடிக்கும்போது எதிர்த்து அடிப்பதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இந்த இதழில் மொத்தமாகப் பதில்.

கேள்வி: எங்கள் விசைப்படகில் 600 லிட்டர் டேங்க். பாதி வரை டீசல் ஒழுங்காக இறங்குகிறது. அதன்பின் திடீரென்று வாய்க்குழாய் (டீசல் ஊற்றும் குழாய்) வழியாகப் பீய்ச்சி அடித்து, பங்கின் டீசல் கன் பிடிப்பவர் சட்டையெல்லாம் நனைந்துவிடுகிறது. மெதுவாகத் திறந்தால் அடிப்பதில்லை. டேங்குக்குள் அடைப்பா? (நாகப்பட்டினம்)

பதில்: அடைப்புதான். ஆனால் டீசல் இறங்கும் வழியில் இல்லை, காற்று வெளியேறும் வழியில்.

காலி டேங்க் என்பது காற்று நிரம்பிய டேங்க். நிமிடத்துக்கு 40 லிட்டர் டீசல் உள்ளே போனால், அதே நிமிடத்தில் 40 லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். அது ஏர் பைப் (காற்று போக டேங்கிலிருந்து தளத்துக்கு மேலே வரும் குழாய்) வழியாகப் போக முடியாவிட்டால் உள்ளேயே அமுங்கும். அமுங்கிய காற்று, வாய்க்குழாயில் இறங்கிக்கொண்டிருக்கும் டீசலை மேலே தள்ளிக்கொண்டு வரும். பால் குடித்த குழந்தை ஏப்பத்தோடு பாலையும் கக்குகிற மாதிரிதான்.

பாதி வரை ஏன் தொந்தரவில்லை? உங்கள் டேங்கில் வாய்க்குழாயின் அடிமுனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். டீசல் மட்டம் அந்த முனையைத் தொடும்வரை காற்று அதே குழாயில் ஓரமாக மேலேறித் தப்பிக்கிறது. முனை மூழ்கியதும் அந்த வழி அடைபடும். அதற்குமேல் ஏர் பைப் ஒன்றுதான் கதி. அதுவும் சரியில்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது. மெதுவாகத் திறந்தால் அடிக்காததற்கும் இதுதான் காரணம். குழாயில் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், தள்ளத் தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்கு. சாதாரண கன் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை விடும். லாரிக்குப் பிடிக்கும் பெரிய கன் 70, 80 லிட்டர் விடும். சின்ன கன்னில் சமாளித்த ஏர் பைப் பெரிய கன்னில் திணறும்.

தேட வேண்டியதை மேலிருந்து கீழாகத் தேடுங்கள். முதலில் தளத்துக்கு மேலே ஏர் பைப் முடியும் இடத்தில் உள்ள கம்பி வலை. வருடா வருடம் பெயின்ட் அடிப்பவர் பிரஷ்ஷால் அந்த வலையையும் சேர்த்து இழுத்துவிட்டுப் போவார். மூன்று தடைக்காலம் போனால் வலையின் கண் எல்லாம் மூடிவிடும். அடுத்தது குளவி. இரண்டு மாதம் சும்மா நிற்கும் படகில் கட்டைவிரல் பருமனுள்ள குழாய் என்றால், மண்கூடு கட்டக் குளவிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டும் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் குற்றவாளி ஹோஸில் உள்ள தொய்வுதான். டேங்கிலிருந்து தளத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் நடுவில் தொங்கி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். போன தடவை வழிந்த டீசல் அந்தப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். வாஷ்பேசினுக்குக் கீழே நாற்றம் ஏறாமலிருக்க வளைந்த குழாய் வைக்கிறோமே, அதே வேலையை இது இங்கே செய்கிறது: காற்றை மறிக்கிறது. தொய்வின் ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால், தேங்கிய டீசலை அந்த உயரத்துக்குத் தூக்கும் அளவு டேங்குக்குள் அழுத்தம் சேர்ந்தால்தான் காற்று வழி பிறக்கும். அழுத்தம் அதுவரை காத்திருக்காமல், வாய்க்குழாய் திறந்திருந்தால் அந்தப் பக்கம் பாயும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. டீசல் பிடிக்கத் தொடங்கியதும் ஏர் பைப்பின் வெளிமுனையில் ஒரு 10 லிட்டர் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கையால் இறுக்கிப் பிடியுங்கள். வாய்க்குழாயில் கன்னைச் சுற்றியுள்ள இடைவெளியைத் துணியால் அடைத்திருக்க வேண்டும். 40 லிட்டர் வேகத்தில் பை 15 வினாடியில் உப்ப வேண்டும். அரை நிமிடம் ஆகியும் சோம்பலாகக் கிடந்தால் வழி அடைந்திருக்கிறது. பை உப்பியதும் எடுத்துவிடுங்கள். விட்டால் நீங்களே அடைப்பு உண்டாக்கியதாக ஆகும். இது டீசலுக்கு மட்டும். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையை உரசுவது நெருப்புக்கு அழைப்பு.

அடைப்பை எடுக்கிறேன் என்று கம்ப்ரசர் காற்றை டேங்கோடு சேர்ந்திருக்கும் குழாயில் விடாதீர்கள். வெறும் 0.2 பார் அழுத்தம், ஒரு மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டின் மேல் சுமார் 1,200 கிலோ எடையாக உட்காரும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் அதைப்போல் முப்பது மடங்கு தரும். டேங்க் பக்கத்து நிப்பிளிலிருந்து (ஹோஸ் மாட்டும் முனை) ஹோஸைக் கழற்றி, ஹோஸை மட்டும் ஊதுங்கள். மாட்டும்போது டேங்கிலிருந்து வெளிமுனை வரை எந்த இடத்திலும் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும்படி, 30 சென்டிமீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். பாதிப் படகுகளில் கோளாறு இந்த நாலு கிளாம்போடு தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்களுக்கு வாய்க்குழாயில் பிரச்சினை இல்லை. ஆனால் 1,000 லிட்டர் டேங்கில் 850 போனதுமே ஏர் பைப் வழியாக டீசல் கடலில் கொட்டுகிறது. அளவுக் கம்பி போட்டால் டேங்க் நிறையவில்லை. (காசிமேடு)

பதில்: டீசல் பிடிக்கும்போது படகு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஐஸ் ஏற்றிய பிறகு பிடிக்கிறீர்களா, முன்பா? ஐஸ் பெட்டிக்குள் சில டன் இறங்கியதும் படகின் முன்பின் சாய்வு மாறிவிடும். ஏர் பைப் நிப்பிள் டேங்கின் எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலை தாழ்ந்தால், எதிர் மூலையில் காற்று சிறைபடும். டீசல் நிப்பிளை மூடிவிடும். அதன்பின் போகும் ஒவ்வொரு லிட்டரும் சிறைபட்ட காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஏர் பைப் வழியே டீசலை வெளியே தள்ளும்.

ஒன்றரை மீட்டர் நீள டேங்க் 5 டிகிரி சாய்ந்தால் இரு முனைக்கும் 13 சென்டிமீட்டர் வித்தியாசம். 60 சென்டிமீட்டர் உயர டேங்கில் இது சாதாரண விஷயமில்லை. நீங்கள் சொல்லும் 150 லிட்டரில் சுமார் 110 லிட்டர் கணக்கு அங்கேயே வந்துவிடுகிறது. பக்கவாட்டுச் சாய்வுக்கும் இதே கதைதான். ஆட்கள் எல்லாரும் பங்க் பக்கம் வந்து நின்று வேடிக்கை பார்த்தால்கூடச் சின்னப் படகு சாயும்.

செலவில்லாத வழி: படகு மட்டமாக நிற்கும்போது பிடிப்பது. அது முடியாதென்றால் டேங்கின் மறுமுனையிலும் ஒரு நிப்பிள் வைத்து, இரண்டு ஹோஸையும் டேங்கைவிட உயரமான இடத்தில் ஒரு 'T' இணைப்பில் சேர்த்து ஒரே ஏர் பைப்பாக மேலே கொண்டுபோங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று காற்றில் இருக்கும். டீசல் இருக்கும் டேங்கில் வெல்டிங் வைக்கக் கூடாது. காலி செய்த டேங்கிலும் வைக்கக் கூடாது. ஆவி போகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வெல்டிங் நடக்கும் இடத்தில் மட்டும் காற்று விட்டு வைப்பதுதான் பட்டறை வழக்கம். அந்த வழக்கம் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

கேள்வி: தடைக்காலத்தில் புது டேங்க் அடிக்கப்போகிறோம். கக்காத டேங்குக்குப் பட்டறையில் என்ன அளவு சொல்ல வேண்டும்? (தூத்துக்குடி)

பதில்: பெரிய கப்பல்களில், பம்ப் அழுத்தத்தில் நிரப்பும் டேங்குகளுக்கு ஒரு விதி உண்டு: ஏர் பைப்புகளின் மொத்தக் குறுக்குப் பரப்பு நிரப்பும் குழாயைவிட ஒன்றேகால் மடங்கு இருக்க வேண்டும். நாம் கன்னைத் தொங்கவிட்டு ஊற்றுகிறோம் என்பதால் அவ்வளவு தேவையில்லை. வாய்க்குழாய் உள்விட்டம் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; லாரி கன்னில் பிடிப்பவர்கள் 50 வைக்கலாம். ஏர் பைப் 40 லிட்டர் வேகத்துக்கு 16 மில்லிமீட்டர், 80 லிட்டருக்கு 25. பட்டறைக்காரர் 'அரை இஞ்ச் போதும்' என்பார். அரை இஞ்ச் என்று சொல்லி விற்கும் நிப்பிளின் உள் ஓட்டை பல சமயம் 9, 10 மில்லிமீட்டர்தான். ஹோஸின் பருமனைப் பார்த்து ஏமாறாமல், நிப்பிளின் உள்ளே அளந்து வாங்குங்கள். காற்று போகும் பாதையில் மிகக் குறுகலான இடம் எதுவோ அதுதான் கணக்கு.

வாய்க்குழாய் நேராக, செங்குத்தாக இறங்கினால் உத்தமம். தளத்துக்குக் கீழே படுத்த வாக்கில் ஓடினால் டீசலும் காற்றும் ஒரே குழாயில் முட்டிக்கொண்டு 'களக் களக்' என்று அடிக்கும். வளைவு தவிர்க்க முடியாதென்றால் கூர்மையான எல்போ வேண்டாம், அகன்று வளையும் பெண்ட் போடுங்கள்.

உள்ளே டீசல் அலைபாயாமல் இருக்கத் தடுப்புத் தகடு வைப்பார்கள். இங்கேதான் புது டேங்குகள் கெட்டுப்போகின்றன. தகட்டை மேல்மூடி வரை ஒட்ட வெல்டிங் வைத்துவிட்டால் ஒவ்வோர் அறையும் தனித்தனிக் காற்றுச் சிறை. ஒரு அறையில் மட்டும் ஏர் பைப் இருக்கும். மற்ற அறைகள் டீசல் கீழே சூழ்ந்ததும் காற்றைப் பிடித்துவைத்து, பிறகு மொத்தமாக ஏப்பம் விடும். தகட்டின் நான்கு மூலையையும் வெட்டிவிடச் சொல்லுங்கள்: மேல் மூலைகள் காற்றுக்கு, கீழ் மூலைகள் டீசலுக்கும் அடியில் சேரும் தண்ணீருக்கும். மொத்தத் திறப்பு தகட்டின் பரப்பில் 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் தடுப்பு எதற்கு?

ஜி.ஐ. தகடு மலிவாகக் கிடைக்கிறது என்று உள்பக்கம் துத்தநாகம் பூசிய தகட்டை வாங்காதீர்கள். டீசல் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படிவை உண்டாக்கும். அது ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் போய் அடைக்கும். கருப்பு எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகடு, உள்ளே பூச்சு இல்லாமல், போதும்.

ஹோஸ் விஷயத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாய் உதவாது. டீசல் பட்டு முதலில் மஞ்சளாகி, பிறகு குச்சிபோல் விறைத்து, நிப்பிளில் வெடிக்கும். எரிபொருளுக்கென்றே அச்சிட்ட ரப்பர் ஹோஸ் வாங்கி, வாய்க்குழாயில் முனைக்கு இரண்டு கிளிப் போடுங்கள்.

தளத்துக்கு மேலே ஏர் பைப்பைக் குடைக் கைப்பிடிபோல் வளைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி முடிக்க வேண்டும். கப்பல்களில் திறந்த தளத்தில் 760 மில்லிமீட்டர் உயரம் கேட்பார்கள். நம் படகில் வலை இழுக்கும்போது இடிக்கும், கயிறு மாட்டும். கேபின் சுவரோடு ஒட்டிக் கொண்டுபோனால் அந்த உயரம் எளிதாகக் கிடைக்கும். வாயில் மெல்லிய பித்தளை அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை, கழற்றிக் கழுவும் மாதிரி.

டெலிவரி எடுக்குமுன் ஒரு பரிசோதனை: எல்லா ஓட்டையையும் மூடி, ஒரே ஒரு நிப்பிளில் ஹோஸ் மாட்டி, டேங்க் மூடியிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, ஹோஸின் வாய்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அதுவே 0.2 பார். அரை மணி நேரம் மட்டம் இறங்காமலும் வெல்டிங்கில் வியர்க்காமலும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கன்னில்தான் ஆட்டோ கட் இருக்கிறதே, பிறகு ஏன் வழிகிறது? (மண்டபம்)

பதில்: கன் மூக்கின் நுனிக்கருகே ஊசித் துளை ஒன்று இருக்கும். கன்னுக்குள் டீசல் ஓடும் வேகம் அந்தத் துளை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மட்டம் ஏறித் துளையை மூடியதும் காற்று கிடைக்காது. உள்ளே உண்டாகும் உறிஞ்சல் ஒரு ரப்பர்த் திரையை இழுத்துக் கன்னின் குதிரையை (விரலால் அழுத்தும் விசையை) விடுவித்துவிடும். அது டேங்க் நிறைந்ததைப் பார்ப்பதில்லை, தன் மூக்கு நனைந்ததைத்தான் பார்க்கிறது. காருக்கு டேங்கும் வாயும் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடும். படகில் வாய்க்குழாய் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். மூக்கு நனையும் நேரத்தில் டீசல் ஏற்கெனவே மேலே வந்துகொண்டிருக்கும். தவிர, மெதுவாக விட்டால் உறிஞ்சல் போதாமல் கட் ஆகாது. நுரை பட்டால் வேண்டாத நேரத்தில் கட் ஆகும். உடனே ஆள் மறுபடி மறுபடி அழுத்துவார், அடுத்த அழுத்தில் வெளியே அடிக்கும்.

கம்பி போட்டு மிச்சத்தை அளந்து, பிடிக்க வேண்டிய லிட்டரை முன்கூட்டியே பங்கில் சொல்லி, மீட்டரில் பதிந்து பிடியுங்கள். கடைசி 50 லிட்டரைக் கால்வாசி வேகத்தில் விடுங்கள். காதும் உதவும்: ஏர் பைப்பில் வரும் 'உஸ்' சத்தம் ஏறி, திடீரென்று நின்றால் அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

கேள்வி: காலையில் முழுக்கப் பிடித்தோம், வழியவில்லை. மதியம் நிறுத்தி வைத்திருக்கும்போதே ஏர் பைப்பில் சொட்டுகிறது. (பாம்பன்)

பதில்: வெயில். டீசல் ஒவ்வொரு டிகிரிக்கும் 1,000 லிட்டருக்கு 0.8 லிட்டர் விரியும். பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடுதல். பூமிக்கடியில் இருந்த டீசல் இஞ்சின் ரூமில் 15 டிகிரி ஏறினால் 600 லிட்டருக்கு ஏழு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். இஞ்சினிலிருந்து திரும்பி வரும் டீசல் சூடாக வருவதும் இதில் சேரும். 95 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் அலை ஏறித் தண்ணீர் போகாமலிருக்க ஏர் பைப்பில் துணி அடைத்து வைக்கலாமா? (கடலூர்)

பதில்: கூடாது. இஞ்சின் டீசலை இழுக்க இழுக்க அதற்கு ஈடாகக் காற்று உள்ளே போக வேண்டும். அடைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இஞ்சின் மூச்சு வாங்கும். மெல்லிய தகடு டேங்க் என்றால் உள்வாங்கிக்கூட விடும். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குழாயை உயர்த்துங்கள், வளையுங்கள், அடைக்காதீர்கள்.

கேள்வி: ஃபைபர் படகு, அவுட்போர்டு மோட்டார். 24 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் வெயிலில் உப்பி, மூடியைத் திறந்தால் பெட்ரோல் மூஞ்சியில் அடிக்கிறது. (பருத்தித்துறை)

பதில்: மூடியின் நடுவில் உள்ள காற்றுத் திருகை மறந்துவிடுகிறீர்கள். ஓடும்போது அது திறந்திருக்க வேண்டும். கரையில் மூடி வைத்திருந்தால், பெரிய மூடியில் கை வைக்குமுன் திருகை மட்டும் அரைச் சுற்று அவிழ்த்து, சத்தம் அடங்கும்வரை பொறுங்கள். மோட்டாரோடு ஹோஸ் மாட்டியபடி உப்ப விட்டால் அழுத்தம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளி மோட்டாரை மூழ்கடிக்கும். அதனால் நிறுத்தியதும் ஹோஸைக் கழற்றிவிடுங்கள்.

நிரப்பும்போது டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், தானாக வெளியேறாது. காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றும். ஃபைபரும் பிளாஸ்டிக்கும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு விடாது. கன் மூக்கை டேங்க் வாயில் தொட்டுக்கொண்டே மெதுவாகப் பிடியுங்கள். 24 லிட்டர் டேங்கில் 21, 22 லிட்டருக்கு மேல் வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுபவர்கள் 'அது பெட்ரோல் இல்லையே' என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே மேலே நிற்கும் ஆவி பெட்ரோல் ஆவிதான்.

கேள்வி: கொட்டிய டீசல் மேல் சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் போய்விடுமல்லவா? (குளச்சல்)

பதில்: கண்ணுக்குத் தெரியாமல் போகும், கடலைவிட்டுப் போகாது. சோப்பு டீசலைத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிடும், அங்கிருக்கும் மீன்குஞ்சுகளுக்கு அது இன்னும் கெடுதல். தளத்தில் கொட்டியதற்கு மரத்தூள் தூவி, ஊறியதும் அள்ளிச் சாக்கில் கட்டுங்கள். டீசல் பிடிக்குமுன் வாய்க்குழாயைச் சுற்றிப் பழைய துண்டை வளையமாக முறுக்கி வையுங்கள். ஏர் பைப்பின் வாய்க்குக் கீழே, கழுத்தை அகலமாக வெட்டிய 5 லிட்டர் கேன் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். குழாய் கேனுக்குள் இறங்கி மூழ்கக் கூடாது. இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.